மனசுக்குள் கையைத் தூக்கினால் போதுமா?

பக்கவாதம் வந்தவர்கள் "மனசுக்குள்ளயே கையை அசைங்க, கை தானா வந்துடும்" என்று சொல்லும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. முழுப் புளுகு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

2007-ல் ஸ்டீபன் பேஜ் குழு 'ஸ்ட்ரோக்' இதழில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பாதிப்பு வந்து ஒரு வருஷம் தாண்டிய 32 பேர். எல்லோருக்கும் வாரம் ரெண்டு நாள், ஆறு வாரம், அரை மணி நேரக் கைப்பயிற்சி. அது முடிந்ததும் ஒரு குழுவுக்கு, அதே வேலைகளை மனசுக்குள் செய்யச் சொல்லும் ஒலிநாடா. இன்னொரு குழுவுக்கு உடம்பைத் தளர்த்திக்கொள்ளச் சொல்லும் ஒலிநாடா. கையின் திறனை 57 மதிப்பெண்ணுக்கு அளக்கும் சோதனையில் முதல் குழுவுக்குச் சராசரியாக 7.81 கூடியது. இரண்டாவதுக்கு 0.44தான்.

ரெண்டு விஷயம் கவனிக்கணும். வெறும் மன அமைதி கையை மீட்கவில்லை. கற்பனை செய்தவர்களும் முதலில் அந்த வேலையைக் கையால் செய்து பார்த்தவர்கள்.

2011-ல் 'ப்ரெயின்' இதழில் வந்த ஈட்ஸ்வார்ட் குழுவின் ஆய்வு இதைவிடப் பெரியது: 121 பேர். கற்பனைப் பயிற்சியைக் கைப்பயிற்சியோடு கோர்க்காமல், தனியாக, நாலு வாரம் கொடுத்தார்கள். குழுக்களுக்கிடையே வித்தியாசமே இல்லை!

அப்போ கற்பனை வேஸ்ட்டா? அவசரப்பட வேண்டாம். இவர்கள் பாதிப்பு வந்து சில மாதங்களே ஆனவர்கள். ப்ரோகிராமில் ரெண்டு இடத்தை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, எதனால் ரிசல்ட் மாறியது என்று கேட்பது மாதிரிதான் இந்த ஒப்பீடு. ஆனால் 25 ஆய்வுகளை, 676 பேரைச் சேர்த்துப் பார்த்த 2020 கோக்ரேன் அலசலும் ஒரு துப்பு தருகிறது. மற்ற சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தால் கையின் செயல்பாடு கூடுவதற்கு ஓரளவு நம்பகமான சான்று உண்டு. அன்றாட வேலைகளில் முன்னேற்றம் வருமா என்பதற்குச் சான்று பலவீனம்.

எல்லா மூளையும் ஒரே மாதிரி கற்பனை செய்யாது என்பதும் உண்டு. மூளையின் பரைட்டல் பகுதி பழுதானவர்கள் கற்பனையில் எடுக்கும் நேரமும் நிஜத்தில் எடுக்கும் நேரமும் பொருந்தவில்லை என்று சிரிகு குழு 1996-லேயே 'சயின்ஸ்' இதழில் காட்டியது. அவர்களிடம் போய் "மனசு வைக்கலை, அதான் கை வரலை" என்று சொல்வது கொடுமை இல்லையா?

வீட்டில் யாருக்காவது இது தேவைப்பட்டால், பிசியோதெரபி முடிந்த கையோடு அன்று செய்த அதே அசைவை மனசுக்குள் ஓட்டச் சொல்லுங்கள். அந்த வீடியோவை நம்பி பிசியோதெரபியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.