இடம் மாறாத பத்து இலக்கங்கள்

3816547290. இந்த எண்ணை இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாகச் சேர்த்துப் படியுங்கள். 38 இரண்டால் மீதியின்றி வகுபடும். 381 மூன்றால், 3816 நான்கால், 38165 ஐந்தால், 381654 ஆறால் வகுபடும். இப்படியே முழு எண் பத்தால் வகுபடும்வரை ஒரு படிகூடத் தவறாது. இத்தனைக்கும் 0 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கமும் ஒரே ஒரு முறைதான் வருகிறது. பத்து இலக்கங்களை 36,28,800 விதமாக வரிசைப்படுத்தலாம். அத்தனையிலும் இந்தக் குணம் வாய்த்தது இது ஒன்றுக்கே.

கணினியிடம் கேட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வந்துவிடும். ஆனால் இதன் அழகு தேடும் வழியில் இருக்கிறது. பள்ளியில் படித்த வகுபடும் விதிகளே அதற்குப் போதும்.

பத்தால் வகுபட வேண்டுமென்றால் கடைசி இலக்கம் 0. ஐந்தாம் இடத்துக்கு 0 அல்லது 5 வேண்டும். 0 போய்விட்டதால் 5தான். இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் இடங்களில் இரட்டைப்படை இலக்கங்களே அமர முடியும். அப்போது 1, 3, 7, 9 தாமாகவே மற்ற இடங்களுக்குப் போய்விடும்.

இனித்தான் நுட்பம். நான்கால் வகுபடுமா என்று அறியக் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்தால் போதும். நான்காம் இடத்துக்கு முன்னால் இருப்பது ஒற்றைப்படை இலக்கம்; எனவே அங்கே 2 அல்லது 6 மட்டுமே வரலாம். எட்டாம் இடத்துக்கும் அதே நியாயம். மிச்சமுள்ள 4ம் 8ம் இரண்டாம், ஆறாம் இடங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

முதல் மூன்று இலக்கங்களின் கூட்டுத்தொகையும் முதல் ஆறின் கூட்டுத்தொகையும் மூன்றால் வகுபட வேண்டும். ஆகவே நடுவில் உள்ள மூன்றின் கூட்டுத்தொகையும் வகுபட்டாக வேண்டும். அங்கே 258, 654 இரண்டுக்கு மட்டுமே இடமுண்டு. எட்டின் விதியையும் வைத்துச் சலித்தால் எஞ்சுவது பத்தே பத்து எண்கள். ஒன்பதுக்கு வேலையே இல்லை: 1 முதல் 9 வரை கூட்டினால் 45, எப்படி மாற்றி அடுக்கினாலும் ஒன்பதால் வகுபடும்.

கடைசியாக வருகிறது ஏழு. மற்றவற்றுக்கு உள்ளதுபோல் எளிய விதி அதற்கு இல்லை. வகுத்துத்தான் பார்க்க வேண்டும். பத்தில் ஒன்பது எண்கள் மீதி வைத்துத் தோற்கின்றன. 3816547 மட்டும் 545221 என்று துல்லியமாக வகுபடுகிறது.

நீளமான எண்கள் எத்தனையோ உண்டு. ஒவ்வோர் இலக்கமும் தன் இடத்துக்குக் காரணம் சொல்லும் எண் அபூர்வம். வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இந்தப் புதிரைக் கொடுத்துப் பாருங்கள். விடையை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.