மாவோவின் கடைசி நடனக் கலைஞர் (திரைப்படம்)

'மாவோஸ் லாஸ்ட் டான்சர்' 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆத்திரேலியத் திரைப்படம் ஆகும். பாலே நடனக் கலைஞர் லி சுன்சின் 2003 இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலைத் தழுவி ஜான் சார்டி திரைக்கதை எழுத, புரூஸ் பெரஸ்ஃபோர்டு இயக்கினார்.

லி 1961 இல் சீனாவின் சிங்தாவ் நகரை அடுத்த சிற்றூரில், ஏழு ஆண்மக்களில் ஆறாவதாகப் பிறந்தவர். 11 வயதில் மாவோவின் மனைவி சியாங் சிங்கின் ஆதரவில் இயங்கிய பெய்ஜிங் நடனப் பள்ளிக்குத் தேர்வானார். 1979 இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் பாலே குழுவில் பயிலச் சென்ற அவர், 1981 இல் நாடு திரும்ப மறுத்ததால் சீனத் துணைத்தூதரகத்தில் 21 மணி நேரம் அடைத்து வைக்கப்பட்டார்.

படத்தில் வறுமை போதிய அழுத்தத்துடன் காட்டப்படவில்லை என்பதே இதன் பெருங்குறை. நூலில் நாள்தோறும் உலர்ந்த கிழங்கைத் தின்று வாழும் குடும்பத்தின் பசி பக்கந்தோறும் தெரிகிறது. படத்திலோ கல்வீடுகளும் மலைச்சரிவும் அழகாக இருக்கின்றன. பசி கண்ணில் படுவதில்லை. உடன்பிறந்தவர்கள் ஒரு கூட்டமாகவே வந்து போகின்றனர். ஒருவன் தப்பினான், மற்றவர்கள் அங்கேயே இருந்தார்கள் என்ற உண்மையின் கனம் இதனால் குறைந்துவிடுகிறது. வியப்பு என்னவென்றால், வறுமை உறைப்பது ஹியூஸ்டன் காட்சியில்தான். பயிற்றுநர் பென் ஸ்டீவன்சன் தனக்காக ஒரே நாளில் கடையில் செலவிட்ட தொகையைத் தன் தந்தையின் ஆண்டு வருவாயோடு லி ஒப்பிடும்போது நமக்கும் வாயடைத்துப் போகிறது.

ஆசிரியர்கள் வரும் பகுதிகளே படத்தின் உயிர். தேர்வாளர்கள் வகுப்பறையை விட்டு வெளியேறும் வேளையில், இந்தப் பையனைப் பாருங்கள் என்று ஆசிரியை சுட்டிக்காட்டுகிறார். ஒரு வாழ்க்கையே அந்த ஒரு நொடியில் திரும்புகிறது. வகுப்பில் நின்று பழகியவர்கள் இக்காட்சியை எளிதில் கடக்க முடியாது. நாம் சுட்டிக்காட்டாமல் விட்ட பிள்ளைகள் நினைவுக்கு வருவார்கள். பின்னர் பெய்ஜிங்கில் சான் என்ற ஆசிரியர் அவனுக்கு நடனத்தின் மீது காதலை ஊட்டுகிறார். மரபு பாலேயைப் போற்றியதற்காக அவரே அப்புறப்படுத்தப்படுகிறார். துப்பாக்கி இல்லாத நடனம் எதற்கு என்று கேட்ட காலம் அது.

அரசியலைப் படம் சற்று எளிமையாக்கிவிடுகிறது. சீனா இருட்டு, அமெரிக்கா வெளிச்சம் என்ற பாகுபாடு பல இடங்களில் தென்படுகிறது. ஆனால் ஓர் ஏழை உழவர் மகனுக்கு உணவும் உறைவிடமும் பயிற்சியும் தந்து வளர்த்ததும் அவனை அடைத்து வைத்ததும் ஒரே அரசு. இந்த முரணைப் படம் தொட்டுவிட்டு விலகிச் செல்கிறது. முதல் மனைவி எலிசபெத்துடனான மணவாழ்க்கையும் அவசரமாக முடிக்கப்படுகிறது.

லியாக நடித்த சி சாவ் அப்போது பர்மிங்காம் ராயல் பாலே குழுவின் முதன்மை நடனக் கலைஞராக இருந்தார். ஆடத் தெரிந்தவரையே நடிக்க வைத்தது நல்ல முடிவு. அவர் தாவும்போது மெதுவோட்ட உத்தியை ஏன் பயன்படுத்தினார்களோ தெரியவில்லை. இயல்பான வேகமே போதுமானது. தாயாக வரும் ஜோன் சென்னுக்கு உரையாடல் குறைவு. மகனைப் பல ஆண்டுகளுக்குப் பின் மேடையில் காணும் காட்சியில் அவர் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. பக்கத்தில் அமர்ந்த தந்தைக்கோ, மகன் ஏன் உடை உடுத்தாமல் ஆடினான் என்பதுதான் கவலை.