வீடு தேடி வரும் வைத்தியம்: ஒரு டாக்டரின் வாழ்க்கை நூல்

“இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்.” பெரிய மருத்துவமனைகளின் வாசலில் எத்தனையோ குடும்பங்கள் கேட்ட சொற்கள் இவை. புதுச்சேரியில், வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த உறுவையாற்றில் என் பெரியப்பா வீட்டுக்கும் சில ஆண்டுகளுக்கு முன் இச்சொற்கள் வந்து சேர்ந்தன. உணவுக்குழாயில் புற்றுநோய். அதன்பின் அவர் உயிரோடிருந்தது ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் இரவில் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

எங்கள் குடும்ப டாக்டர் வாரம் இருமுறை வருவார். நாடி பார்ப்பார், தமக்குத் தெரிந்த ஊசியைப் போடுவார், பீஸ் வாங்கமாட்டார். “அடுத்து எப்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும் டாக்டர்?” என்று பெரியப்பா கேட்பார். டாக்டர் எங்கள் முகத்தைப் பார்ப்பார். நாங்கள் தரையைப் பார்ப்போம். அவரிடம் இரக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வலியை அடக்கும் மருந்து அவரிடம் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பயிற்சியையும் அவருக்கு யாரும் தந்ததில்லை.

இந்த நினைவோடுதான் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் ஆங்கிலத்தில் எழுதி, 2022-இல் வெளிவந்த ‘வாக் வித் த வியரி’ என்ற நூலைப் படித்தேன். ‘களைத்தவரோடு நட’ என்பது தலைப்பின் பொருள். குணமாகாத நோயாளியின் வலியையும் பிற துன்பங்களையும் தணிக்கும் மருத்துவத்துக்குப் பாலியேட்டிவ் மருத்துவம் என்று பெயர். தமிழில் நோய்த் தணிப்பு மருத்துவம் எனலாம். அதை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர்களுள் ராஜகோபால் முதன்மையானவர்.

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் அவர் மயக்க மருந்துத் துறைப் பேராசிரியராக இருந்தார். நரம்பில் ஊசி போட்டு வலியை நிறுத்துவதில் வல்லவர். ஒருநாள் முகத்தில் கடும் வலியோடு ஒரு கல்லூரி ஆசிரியர் வந்தார், புற்றுநோய். நரம்பை மரக்கச் செய்ததும் வலி நின்றது. டாக்டருக்குப் பெருமை. “மறுபடி எப்போது வரவேண்டும்?” என்று ஆசிரியர் கேட்டார். வலி போய்விட்டதால் இனி வரத் தேவையில்லை என்றார் டாக்டர். தம் நோய் குணமாகாது என்பதை ஆசிரியர் அப்போதுதான் அறிந்தார். அன்றிரவே தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

டாக்டர்கள் எழுதும் வாழ்க்கை வரலாறுகளில் பெரும்பாலும் வெற்றிகளே வரிசையாக நிற்கும். இங்கே ஒரு டாக்டர் தம் தோல்வியைத் தாமே எழுதுகிறார். தாம் பார்த்தது ஒரு நரம்பை மட்டுமே, அந்த மனிதரை அன்று என்று ஒப்புக்கொள்கிறார். நூலின் பெருமை இந்த ஒப்புதலில்தான் இருக்கிறது. என் பெரியப்பா கேட்டதும் ஏறத்தாழ அதே கேள்விதான் அல்லவா?

அறிவியல் மாணவர்கள் இங்கே சற்று நின்று கவனிக்கவேண்டும். வலி என்பது நரம்பு வழியே ஓடும் செய்தி மட்டுமன்று. 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் நிலையத்தைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் ‘முழு வலி’ என்ற கருத்தை வகுத்தார். உடலின் வலி, மனத்தின் அச்சம், குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் பற்றிய ஏக்கம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஒன்றை மட்டும் தீர்த்தால் போதாது.

அதற்காக உடல் வலியைத் தீர்ப்பது சிறிய காரியமென்று எண்ணிவிடக் கூடாது. மூளையிலும் தண்டுவடத்திலும் சில ஏற்பிகள் உள்ளன. நம் உடலே சுரக்கும் எண்டார்பின் என்ற பொருள்கள் அவற்றில் பொருந்தி வலிச் செய்தியை மட்டுப்படுத்துகின்றன. அபினியிலிருந்து கிடைக்கும் மார்பின் அதே பூட்டில் பொருந்தும் மற்றொரு சாவி. கடும் புற்றுநோய் வலிக்கு இதை வாய்வழியாக, கடிகாரம் பார்த்து நான்கு மணிக்கு ஒருமுறை, வலி திரும்புமுன்பே கொடுக்கவேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 1986-இல் வகுத்த மூன்றுபடி முறையில் இது மேல்படி.

“பழகி அடிமையாகிவிடுவாரே, மூச்சு நின்றுவிடுமே?” என்று பலரும் அஞ்சுவர். குறைந்த அளவில் தொடங்கி, வலிக்கு ஏற்றபடி சிறிது சிறிதாகக் கூட்டினால் மூச்சுக்கு ஆபத்து அரிது. மேற்பார்வையில் தரும்போது போதை வேட்கை உண்டாவதும் அரிது. மலச்சிக்கல் மட்டும் தவறாமல் வரும். அதற்கு உடன் பேதி மருந்து தரவேண்டும். திடீரென்று நிறுத்தலாகாது. இவ்வளவுதான் சூட்சுமம்.

அப்படியானால் அது ஏன் கிடைக்கவில்லை? நம் நாட்டிலேயே மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்துடன் அபினிச் செடி பயிராகிறது. ஆனால் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் மார்பின் வைத்திருக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. மருத்துவமனைகள் அதைத் தொடவே அஞ்சின. ராஜகோபாலும் அவரைப் போன்றோரும் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது பயிற்சி பெற்ற டாக்டர் உள்ள மருத்துவ நிலையம் ஒரே அலுவலகத்தில் அங்கீகாரம் பெற்றால் போதும். கடத்தல்காரனுக்குப் போட்ட வேலி நோயாளியைத் தடுத்த கதை இது.

இனி நூலைப் பற்றி எனக்குள்ள குறையைச் சொல்கிறேன். தன்வரலாறு ஆகையால் டாக்டரே நடுவில் நிற்கிறார். இத்தகைய மாமனிதர் ஒருவர் இருந்ததால்தான் இவையெல்லாம் நடந்தன என்ற எண்ணம் இளம் வாசகருக்கு எழக்கூடும். அந்த எண்ணம் தவறு மட்டுமல்ல, தீங்கும்கூட. மாமனிதருக்காகக் காத்திருந்தால் உறுவையாறு எத்தனை காலம் காத்திருப்பது?

கேரளத்தின் அனுபவம் வேறு பாடம் சொல்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் வலி, நோய்த் தணிப்புச் சங்கத்தைத் தொடங்கியபோதே டாக்டர் சுரேஷ்குமாரும், மருத்துவரல்லாத அசோக்குமாரும் ராஜகோபாலுடன் இருந்தனர். பின்னர் மலப்புறம் போன்ற மாவட்டங்களில் ஆசிரியரும் கடைக்காரரும் மாணவரும் தொண்டர்களாகி, வாரத்தில் சில மணி நேரம் அண்டை வீட்டு நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினர். 2008-இல் மாநில அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது; பஞ்சாயத்துகளின் செவிலியர் வீடு வீடாகச் செல்கின்றனர். புண்ணைக் கழுவுவது, புரட்டிப் படுக்கவைப்பது, மருந்தைக் கணக்கிடுவது, இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவியை ஒருமணி நேரம் உறங்கவிடுவது ஆகிய இவற்றுக்குப் பேராசிரியர் தேவையில்லை.

ராஜகோபால் குடும்ப டாக்டர் அல்லர். ஆயினும் அவர் நூலை மூடியதும் என் கண்முன் நின்றவர் எங்கள் குடும்ப டாக்டரே. நோயாளியின் பெயர், மகளின் திருமணக் கடன், தம்பியோடுள்ள வழக்கு எல்லாம் அவருக்குத் தெரியும். முழு வலியின் நான்கு பங்கில் மூன்றை அவர் ஏற்கெனவே அறிந்தவர். மிச்சமுள்ள ஒரு பங்கைச் சில வாரப் பயிற்சியில் கற்பிக்க இயலும். மருந்தையும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைக்க முடியும். தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் நோய்த் தணிப்புச் சிகிச்சை சேர்ந்திருப்பது இவ்வழியில் ஒரு நல்ல அடி.

மருத்துவம் படிக்கப்போகும் மாணவர்கள் இந்நூலை அவசியம் படிக்கவேண்டும். மற்றவர்களும் படித்துத் தத்தம் ஊர் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: “இதைக் கற்றுக்கொள்ள நீங்கள் தயாரா? நாங்கள் என்ன உதவி செய்யட்டும்?”

“இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை” என்பது பொய். என் பெரியப்பாவுக்குச் செய்வதற்கு ஏழு வார வேலை இருந்தது.