கூப்பரின் கடிதங்களில் யாருடைய குரல்?

வில்லியம் கூப்பர் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது 1938 டிசம்பர் 6. ஜெர்மனியில் யூதர்கள் மீது நடந்த வெறியாட்டத்தைக் கண்டித்து, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் குழு ஒன்று மெல்பர்னில் இருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்துக்குக் கண்டனத் தீர்மானத்தோடு போனது. அங்கே அதை வாங்கிக்கொள்ளவில்லை. சினிமாவுக்கென்றே எழுதிவைத்தது மாதிரியான காட்சி. கூப்பரை உலகம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் இதற்காகத்தான்.

பெய்ன் அட்வுட் 2021இல் எழுதிய கூப்பரின் வாழ்க்கை வரலாறு இந்தக் காட்சிக்கு மயங்கவில்லை. எனக்கு அந்த நூல் பிடித்ததற்கு முதல் காரணம் இது. சொந்த நாட்டிலேயே குடிமகனாக மதிக்கப்படாத ஒருவர் அடுத்தவருக்காகக் குரல் கொடுத்தார் என்று நெகிழ்வது சுலபம். அவர் தன் மக்களுக்காக என்ன கேட்டார் என்பது அந்த நெகிழ்ச்சியில் காணாமல் போய்விடுகிறது. கேட்டது ரொம்பத் தெளிவானது: நாடாளுமன்றத்தில் பூர்வகுடிகளுக்கு ஒரு பிரதிநிதி. அதற்காக 1933 முதல் மன்னருக்கு ஒரு மனு தயாரித்து 1,814 கையெழுத்துகள் திரட்டினார். 1938இல் ஆஸ்திரேலிய அரசு அதை மன்னருக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்தது. இதில் சினிமா ஒன்றும் இல்லை. கோப்பு ஒரு மேசையில் நின்றுபோனது, அவ்வளவுதான்.

வாழ்க்கை வரலாறு எழுதுகிறவருக்கு உண்மையான தலைவலி வேறு இடத்தில். கூப்பர் பொதுவாழ்வில் தீவிரமாக இறங்கும்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ரிசர்வில் வாழ்பவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் கிடையாது என்பதால் கம்மரகஞ்சாவை விட்டு மெல்பர்னின் ஃபுட்ஸ்க்ரே பகுதிக்குக் குடிவந்தவர் அவர். இறந்தது 1941இல். ஆக, ஆவணங்கள் குவிவது கடைசி எட்டு வருடத்துக்கு மட்டும். அதற்கு முந்தைய எழுபது வருடத்துக்கு அவருடைய நாட்குறிப்பு கிடையாது. அரசும் மிஷனும் எழுதிவைத்த தாள்கள்தான். அட்வுட் இங்கே தனிமனிதனை விட்டுவிட்டு யோர்த்தா யோர்த்தா மக்களின் கதைக்குள் போகிறார். நிலம் பறிபோனது, மலோகா மிஷன், கம்மரகஞ்சாவில் விவசாயத்துக்குக் கொடுத்த துண்டு நிலங்களையும் பிறகு பிடுங்கிக்கொண்டது. நான் பொறியியல் படித்தவன். விட்டுப்போன அளவீடுகளுக்கு முன்பின் மதிப்புகளை வைத்து எதையாவது போட்டு நிரப்புவதைத் தினமும் பார்க்கிறேன். அட்வுட் அப்படி நிரப்பவில்லை. அதனால் கூப்பர் பல பக்கங்களுக்குக் காணாமலே போகிறார். வாசகனுக்குப் பொறுமை வேண்டும்.

கடைசி எட்டு வருடக் கடிதங்களிலும் சிக்கல் இருக்கிறது. கூப்பரின் அமைப்பில் ஆர்தர் பர்டியூ என்ற வெள்ளையர் பக்கபலமாக இருந்தார். கடிதங்களைத் தயாரிப்பதில் அவருக்கும் பங்கு உண்டு. அப்படியானால் அவற்றில் பேசுவது யார்? இந்தக் கேள்வியை வைத்துக் கூப்பரைச் சிறுமைப்படுத்தவும் முடியும். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பூர்வகுடிகளுக்குத் தனிப்படை அமைக்கும் யோசனையை அவர் எதிர்த்தார். உரிமை கொடுக்காத நாட்டுக்காக எதற்குச் சண்டை போட வேண்டும் என்பது அவர் வாதம். 1917இல் போர்க்களத்தில் மகன் டேனியலைப் பறிகொடுத்த தகப்பன் கேட்ட கேள்வி அது. வாக்கியத்தைத் திருத்தியது எந்தக் கையாக இருந்தாலும் அந்தக் கோபத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்க முடியாது.

எனக்கு இருக்கும் குறை தாமஸ் ஷாட்ரக் ஜேம்ஸ் பற்றியது. மொரீஷியஸில் பிறந்த இந்திய வம்சாவளி ஆசிரியர். 1881இல் யோர்த்தா யோர்த்தா நிலத்துக்கு வந்து, கூப்பரின் சகோதரியைக் கட்டிக்கொண்டு, மலோகாவிலும் கம்மரகஞ்சாவிலும் பல வருடம் பாடம் நடத்தினார். பின்னாளில் உரிமைப் போராட்டத்தில் முன்நின்ற பலர் அவரிடம் படித்தவர்கள். கடல் கடந்து வந்த இன்னொரு குடியேற்ற இந்தியன் அந்த வகுப்பறைக்கு எதைக் கொண்டுவந்தான்? அட்வுட் நூலை மூடும்போது இந்தக் கேள்விக்கு எனக்குப் பசி தீரவில்லை. ஜேம்ஸின் வழித்தோன்றல் ஜார்ஜ் நெல்சன், ராபின் நெல்சனோடு சேர்ந்து எழுதிய 'தர்மலன் டானா' 2014இல் வந்திருக்கிறது. தன் இந்திய மூதாதையைத் தேடி 73 வருடம் அலைந்த கதை. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அட்வுட்டை வாசிக்கிறவர்கள் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.