நீலம் யார் பூசியது?

வியாழனின் துருவ ஒளியைக் காட்டும் அந்த ஹப்பிள் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜூனோ விண்கலம் வியாழனைச் சுற்றத் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, 2016 ஜூன் இறுதியில் வெளியானது. பழுப்புப் பட்டைகள் ஓடும் கோளத்தின் உச்சியில் பளீர் நீலத்தில் ஒரு கிரீடம். பல வருடம் என் மடிக்கணினியின் முகப்பில் இருந்த படம். இன்று அதன்மேல் எனக்கு ஒரு புகார் இருக்கிறது.

அது ஒரு படமல்ல, இரண்டு. கோளம் வேறொரு சமயம் தனியாக எடுத்தது. கிரீடம் புற ஊதாவில் பதிவானது. வெளியிட்டவர்கள் இதை மறைக்கவில்லை, குறிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனா குறிப்பை யார் படிக்கிறார்கள்? நானே வெகுநாள் கழித்துத்தான் படித்தேன்.

ஒட்டினால் என்ன என்று கேட்கலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில், வியாழனின் பகல் பக்கத்துத் துருவ ஒளி சூரிய வெளிச்சத்தில் அமிழ்ந்துபோகும். தொலை புற ஊதாவிலோ கோளமே மங்கிவிடும், துருவத்தில் ஹைட்ரஜன் மட்டும் சுடரும். அந்த மங்கல்தான் இந்த ஆய்வுக்கே முதல். ஒட்டுப்படம் அதைத்தான் அழித்துவிட்டது.

ஜூனோவின் புற ஊதாப் படங்களும் பொய்நிறம்தான். விண்கலம் நிமிடத்துக்கு இரண்டு முறை சுழல்கிறது. சுற்றுக்கு ஒரு கீற்று, கீற்றுகளைச் சேர்த்துத்தான் படம். ஆனால் அங்கே நிறத்துக்கு வேலை இருக்கிறது. எலக்ட்ரானுக்கு ஆற்றல் கூடக்கூட அது ஆழமாக இறங்கும். ஆழத்திலிருந்து வரும் ஒளியின் குறுகிய அலைநீளங்களை மேலேயுள்ள மீத்தேன் விழுங்கிவிடும். எவ்வளவு விழுங்கியது என்பதை நிறமாக்கினால், அந்த நிறமே எலக்ட்ரானின் ஆற்றலைச் சொல்லும். இப்படி ஒளியையும், வந்து விழும் துகள்களையும் சேர்த்து வாசித்ததால்தான் 2017இல் ஒரு புதிர் கிடைத்தது: 4,00,000 வோல்ட் வரை மின்னழுத்தம் இருக்கிறது, ஆனால் மிகப் பிரகாசமான துருவ ஒளிக்கு அது காரணமில்லை. பூமியில் தெரிந்த கணக்கு அங்கே செல்லவில்லை.

அலுவலகத்தில் ஒரு டாஷ்போர்டைக் காட்டி, "இந்தச் சிவப்பு எதைக் குறிக்குது?" என்று ஒருமுறை கேட்டேன். "சும்மா, பார்க்க நல்லா இருக்கேன்னு" என்றார் செய்தவர். அன்று சிரித்துவிட்டேன். ஹப்பிள் படத்தின் நீலத்துக்கும் அதேதான் பதில்.

இப்போது என் திரையில் ஜூனோவின் படம். ஓரங்கள் கோணல்மாணலாக, பாதி இருட்டாக இருக்கிறது. "எக்ஸ்ரே மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. ஆமாம், அதையும் படிக்கத் தெரிந்தால்தான் அழகு தெரியும்.