சத்திரமும் வாகனமும்

அரசின் மருத்துவ அமைப்புக்குள் தனியார் சிகிச்சைக்கு இடம் அளிக்கலாமா என்னும் விவாதம் நம் நாட்டில் நெடுநாளாக நிகழ்ந்து வருகிறது. மருத்துவமனைகளை நடத்தும் திருச்சபை இவ்விவாதத்திற்குப் புறம்பே நிற்க இயலாது. சவ்வாது மலையை முன்னிறுத்தி இரு தரப்பு வாதங்களையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பணம் செலுத்த இயலாமையால் எவரும் சிகிச்சை இழக்கலாகாது என்பதை, சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946 இல் அடிப்படை நெறியாக வகுத்தது. தமிழ்நாட்டில் 2009 இல் அரசே காப்பீட்டுக் கட்டணத்தைச் செலுத்தும் திட்டம் தோன்றியது. 2012 இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது; 2018 இல் மத்திய அரசின் திட்டத்துடன் இணைந்தபின் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு அளிக்கிறது. செல்வர்க்கு மட்டுமே இருந்த தெரிந்தெடுக்கும் உரிமை ஏழைக்கும் கிடைத்தது என்பர் ஆதரிப்போர். அரசு மருத்துவமனையை வளர்க்க வேண்டிய பொதுப்பணம் தனியாரிடம் செல்கிறது என்பர் எதிர்ப்போர். அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தின் வழியே பணம் பெறுவதால் இவ்வெதிர்ப்பு முழுமையானதன்று. ஆயினும் அதில் உண்மை உண்டு.

இரு தரப்பினரும் ஆராயாமல் விட்ட ஒன்று உண்டு. நோயாளி மருத்துவமனையின் வாயிலை அடைந்துவிட்டார் என்றே இருவரும் கருதிக்கொள்கின்றனர். 2023 மே மாதத்தில் வேலூர் மாவட்டம் அல்லேரி மலைப்பகுதியில் பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை வசதியின்மையால் உரிய வேளையில் மருத்துவமனையை அடைய இயலாது இறந்தது. வாகனம் செல்ல இயலாத இடத்திலிருந்து குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு பெற்றோர் மலையேறினர். அரசு மருத்துவமனையா, தனியார் மருத்துவமனையா என்னும் வினா அங்கே எழவேயில்லை. தெரிந்தெடுக்கும் உரிமை மலையடிவாரத்தில்தான் தொடங்குகிறது.

நல்ல சமாரியன் உவமையை இங்கு நினைவுகூர்வோம். அவன் சத்திரத்தானுக்குப் பணம் கொடுத்தான் என்பது மெய்யே. ஆகவே பணம் பெற்றுச் செய்யும் பராமரிப்பை வேதம் பழிக்கிறது எனக் கூற இயலாது. ஆனால் அதற்கு முன்னரே அவன் காயப்பட்டவன் கிடந்த இடத்திற்கு வந்தான், காயங்களைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான். நம் காலத்துக் காப்பீட்டில் சத்திரத்திற்கான பணம் இருக்கிறது, வாகனம் இல்லை.

இக்குறை அரசுடையது மட்டுமன்று. உலகத் திருச்சபை மன்றம் 1968 இல் அமைத்த கிறிஸ்தவ மருத்துவக் குழு, திருச்சபைகளின் மருத்துவப் பணி பெரும்பாலும் மருத்துவமனைச் சுவர்களுக்குள் அடங்கிவிட்டதை எடுத்துக்காட்டியது. இதற்கு மாறான மரபும் நமக்கு உண்டு. ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரைச் சுற்றிய சாலையோரங்களில் நோயாளிகளைத் தேடிச் சென்றார். அவர் நிறுவிய கல்லூரியின் சமுதாய நலப்பணி சவ்வாது மலைக்கும் சென்றுள்ளது.

தனி அறைகளின் வருவாயால்தான் ஏழைகளுக்குச் சலுகை அளிக்க முடிகிறது என நம் மருத்துவமனைகள் கூறுகின்றன. இதை எளிதில் தள்ளிவிடலாகாது. வருவாயின்றி ஊழியம் நிலைக்காது. ஆனால் யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கும் சபை, அவ்வருவாயில் எவ்வளவு மலைமேல் சென்றது எனக் கேட்கக் கடமைப்பட்டது. அத்தொகையைத் தனிக்கணக்காக ஆண்டறிக்கையில் காட்டும்படி பேராயங்களின் மருத்துவக் குழுக்களில் அமரும் போதகர்கள் வற்புறுத்தலாம்.

நம் வாகனம் செல்வது அரசின் கடமைக்கு மாற்றாகிவிடவும் கூடாது. மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது அரசின் நியதி. சிதறிய சிற்றூர்களுக்குத் தலை எண்ணிக்கை தக்க அளவுகோலன்று. நோயாளி நடக்க வேண்டிய நேரமே தக்க அளவுகோல். இதனை அரசிடம் எடுத்துரைப்பதும் குணமாக்கும் ஊழியத்தின் பகுதியே. சத்திரத்தை யார் நடத்துவது என்னும் விவாதம் தொடரட்டும். வழியில் கிடப்பவரைத் தூக்கி வருவது யார் என்னும் வினாவுக்கு முதலில் விடை காண்போம்.