பாகாயத்தில் ஓர் இடம்: சி.எம்.சி. மாணவர் தேர்வு முறையின் நிறைகுறைகள்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) இடம் கிடைப்பது தொடக்கத்திலிருந்தே அரிது. ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது, படிக்க யார் வருவார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. வந்த விண்ணப்பங்கள் 151. பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஆண்கள் 1947இல் சேர்க்கப்பட்டார்கள். காலப்போக்கில் எம்.பி.பி.எஸ். இடங்கள் நூறாக உயர்ந்தன. போட்டி அதைவிட வேகமாக வளர்ந்தது.

மருத்துவப் படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வான நீட் வருவதற்கு முன் கல்லூரியே எழுத்துத் தேர்வு நடத்தியது. அதில் தேறியவர்கள் கல்லூரியின் பாகாயம் வளாகத்துக்கு அழைக்கப்பட்டு, சில நாட்கள் தங்கி நேர்காணலிலும் குழுப் பணிகளிலும் கலந்துகொண்டார்கள். இடங்களில் பெரும்பகுதி திருச்சபைகளும் மிஷன்களும் பரிந்துரைத்தவர்களுக்கு உரியது. அவர்கள் படிப்பு முடிந்ததும் பரிந்துரைத்த அமைப்பு காட்டும் மருத்துவமனையில் 2 ஆண்டுகள் பணிபுரிய வேண்டும். மிச்சமிருந்த சில இடங்களே பொதுப் போட்டிக்கு.

ஆகவே, மொத்த இடங்களை மொத்த விண்ணப்பங்களால் வகுத்து வாய்ப்பைக் கணக்கிடுவது பிழை. ஒவ்வொருவரும் எந்தப் பிரிவில் நிற்கிறார் என்பதே முதல் கேள்வி. வேலூர் லாங் பஜாரில் கடை வைத்திருப்பவருக்கு சி.எம்.சி. மருத்துவமனை நடந்து போகும் தூரம். அவர் கிறிஸ்தவர் அல்லர் என்றால், அவர் மகளுக்கு இருந்தது அந்தப் பொதுப் பிரிவின் குறுகிய வாசல் மட்டுமே. இதைப் பாரபட்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு தருகிறது. 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியும் அந்த உரிமைக்கு உட்பட்டதுதான்.

இந்த முறையின் உண்மையான வலிமை பணி ஒப்பந்தம். மருத்துவர் போக மறுக்கும் ஊர்களில் பல மிஷன் மருத்துவமனைகள் சி.எம்.சி. பட்டதாரிகளைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. கட்டணத்தைச் சில ஆயிரம் ரூபாய்க்குள் வைத்திருந்ததும் இதோடு சேர்ந்தது. கடன் சுமை இல்லாதவரால்தான் சிற்றூரில் குறைந்த சம்பளத்துக்கு இருக்க முடியும்.

நேர்காணலை அப்படிப் போற்ற முடியவில்லை. சேவை மனப்பான்மையைப் பதினெட்டு வயதில் சில நாட்களில் அளந்துவிடலாம் என்பது பெரிய நம்பிக்கை. நன்றாகப் பேசுபவர், ஆங்கிலம் சரளமாக வருபவர் முன்னேறும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. தேர்வாகாதவருக்குக் காரணம் தெரிந்ததுமில்லை. திருச்சபைப் பரிந்துரை இன்னும் சிக்கலானது: ஆயரையோ ஊழியரையோ அறிந்த குடும்பத்துக்கு அது எளிது, அதே சபையின் கடைசி பெஞ்சில் உட்காரும் குடும்பத்துக்கு எளிதல்ல.

நீட் இந்தக் குறைகளில் ஒன்றைத் தீர்த்தது. மதிப்பெண் எல்லோருக்கும் தெரிகிறது. உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் நீட்டை ரத்து செய்த வழக்கில் சி.எம்.சி.யும் ஒரு தரப்பு. 2016இல் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டு நீட் மீண்டும் வந்தது. 2017இல் கல்லூரி தன் முறையை விட்டுக்கொடுக்காமல் நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றை மட்டுமே நிரப்பியது. கொள்கை உறுதி போற்றத்தக்கதே. ஆனால் மருத்துவர் பற்றாக்குறை உள்ள நாட்டில் 99 இடங்கள் வீணானது அதற்குக் கொடுத்த மிக அதிக விலை. 2020 ஏப்ரலில் நீதிமன்றம், பொது நுழைவுத் தேர்வு சிறுபான்மை உரிமையைப் பறிக்கவில்லை என்று உறுதிசெய்தது.

ஆனால் நீட் மதிப்பெண் சிற்றூருக்குப் போகத் தயாரானவரைக் காட்டாது. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவருக்கு அது சாதகம். தமிழ்நாடு 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது இதனால்தான். மதிப்பெண்ணோடு பணி ஒப்பந்தத்தையும் இணைப்பதே இரண்டிலும் நல்லதை எடுத்துக்கொள்ளும் வழி. அதற்கு, எந்த அடிப்படையில் ஒருவரைப் பரிந்துரைக்கிறார்கள் என்பதைத் மாணவர் விண்ணப்பிக்கும் முன்பே திருச்சபைகள் எழுத்தில் வெளியிட வேண்டும்.